எதை, யாரை? ஆங்கில வினைகளில் டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் பிரித்தறியும் வழி

வீடு போய்ச் சேர்ந்ததும் "ஐ ரீச்ட்" என்று ஒரு செய்தி தட்டிவிடுகிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் அது புரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் படித்தால் வாக்கியம் பாதியில் நின்றுபோனது போல அவருக்குத் தோன்றும். "ஐ ரீச்ட் ஹோம்" என்றோ "ஐ ஹேவ் அரைவ்ட்" என்றோ எழுதியிருந்தால் குறை ஒன்றும் இல்லை. ரீச், அரைவ் இரண்டுக்கும் நம் மொழியில் போய்ச் சேர்தல் என்றுதான் பொருள் சொல்வோம். ஆனால் ரீச் தனக்குப் பின்னால் ஒரு பெயரை எதிர்பார்க்கிறது. அரைவ் எதிர்பார்ப்பதில்லை, நேராக ஒரு பெயரை வைத்தால் ஏற்பதும் இல்லை. "அரைவ்ட் சென்னை" தவறு, "அரைவ்ட் இன் சென்னை" சரி.

பெயரை எதிர்பார்க்கும் வகையை ஆங்கில இலக்கணம் டிரான்சிடிவ் என்கிறது, எதிர்பார்க்காததை இன்டிரான்சிடிவ் என்கிறது. தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, செயப்படுபொருள் குன்றிய வினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். செயப்படுபொருள் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, ஆகவே கருத்து நமக்குப் புதியது இல்லை. ஆங்கில வகுப்பில் காதில் விழும் பெயர்கள் டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் என்பதால் இங்கே அவற்றையே பயன்படுத்துகிறேன்.

இரண்டு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது பல இடங்களில் வழக்கம். அது பயன் தராத முறை என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கில வினைகளில் பெரும்பாலானவை வாக்கியத்துக்கு வாக்கியம் கட்சி மாறுபவை. வினையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு "இது எந்த வகை?" என்று கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காது. "இந்த வாக்கியத்தில் இது எந்த வகை?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

தமிழ் தரும் உதவி

கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். வெண்ணெய் உருகியது, வெண்ணெயை உருக்கினாள். வண்டி ஓடியது, வண்டியை ஓட்டினான். செடி வளர்ந்தது, செடியை வளர்த்தாள். இந்த இணைகளில் வினையின் உருவமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பெயரிலும் ஐ உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் அடையாளம் இருப்பதால் தமிழில் நாம் தடுமாறுவதே இல்லை.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு அடையாளமும் இல்லை. "த கிளாஸ் புரோக்." "ஹி புரோக் த கிளாஸ்." வினை அதே புரோக்தான். கிளாஸ் என்ற பெயரிலும் மாற்றம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. அவை தேய்ந்து மறைந்த பிறகு அந்த வேலையைச் சொல்லின் இடம் எடுத்துக்கொண்டது. வினைக்கு முன்னால் வந்தால் எழுவாய், பின்னால் வந்தால் செயப்படுபொருள். ஆகவே தேட வேண்டியது வினைக்குப் பின்னால் உள்ள இடத்தில்.

முதல் படி: வினையைப் பிடியுங்கள்

வாக்கியத்தில் பொருள் தரும் முதன்மை வினையைக் கண்டுகொள்ளுங்கள். "ஷி ஹேஸ் பீன் ரீடிங் எ நாவல்" என்பதில் ஹேஸ், பீன் இரண்டும் துணைக்கு வந்தவை, வினை ரீட். "ஐ ஹேவ் எ சைக்கிள்" என்பதில் வேறு வினை இல்லாததால் ஹேவ்தான் வினை. இதில் பலருக்கும் சிரமம் இருக்காது, அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வினையிடமே கேளுங்கள்

வினைக்குப் பின்னால் வாட் அல்லது ஹூம் என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் எதை, யாரை.

"மை சிஸ்டர் பாட் எ சாரி." பாட் வாட்? எ சாரி. பதில் கிடைத்துவிட்டது, டிரான்சிடிவ்.

"த பேபி ஸ்லெப்ட்." ஸ்லெப்ட் வாட்? கேள்வியே பொருந்தவில்லை. இன்டிரான்சிடிவ்.

"த டீச்சர் பிரெய்ஸ்ட் ரவி." பிரெய்ஸ்ட் ஹூம்? ரவி. டிரான்சிடிவ்.

பாதி வாக்கியங்கள் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். ஒரு நிபந்தனை உண்டு. கேள்வியை ஆங்கில வினையை வைத்தே கேட்க வேண்டும். "ஐ லிசன்ட் டு த சாங்" என்பதைத் தமிழில் மாற்றிக் கேட்டால் "எதைக் கேட்டேன்? பாட்டை" என்று பதில் வரும், டிரான்சிடிவ் என்று முடிவு செய்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் "லிசன்ட் வாட்?" என்று கேட்க முடியாது, "லிசன்ட் டு வாட்?" என்றுதான் கேட்க முடியும். இடையில் டு வந்து நிற்கிறது. வினைக்கும் பெயருக்கும் நடுவில் டு, அட், ஃபார், ஆன் போன்ற பிரிபொசிஷன் இருந்தால் அந்தப் பெயர் அந்தப் பிரிபொசிஷனுக்குச் சொந்தம், வினைக்கு அல்ல. லிசன் இன்டிரான்சிடிவ். லுக் அட், வெயிட் ஃபார், டிபென்ட் ஆன், லாஃப் அட், பிலாங் டு எல்லாம் இப்படித்தான்.

தமிழில் "அவளைப் பார்த்தேன்" என்று ஒரே மாதிரி சொல்வதை ஆங்கிலம் "ஐ சா ஹர்" என்றும் "ஐ லுக்ட் அட் ஹர்" என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. சீ டிரான்சிடிவ், லுக் இன்டிரான்சிடிவ். வெயிட் இன்டிரான்சிடிவ், அதே பொருளில் வரும் அவெயிட் டிரான்சிடிவ். "வெயிட் மி" என்று சொல்லிப் பழகியவர்கள் "வெயிட் ஃபார் மி" என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: செயப்படுபொருள் போலத் தெரிவதைச் சந்தேகப்படுங்கள்

பிரிபொசிஷன் எதுவும் இல்லாமல், வினையை ஒட்டியே ஒரு பெயர் வருகிறது. ஆனாலும் அது செயப்படுபொருள் இல்லை. இப்படி மூன்று இடங்கள் உண்டு.

காலமும் தூரமும் முதலாவது. "ஹி ஸ்லெப்ட் எய்ட் அவர்ஸ்." எய்ட் அவர்ஸ் என்பது எதை என்ற கேள்விக்கு விடை இல்லை, எவ்வளவு நேரம் என்பதற்கு விடை. "வி வாக்ட் ஃபைவ் மைல்ஸ்" எவ்வளவு தூரம் என்பதற்கு. "ஷி லெஃப்ட் லாஸ்ட் மண்டே" எப்போது என்பதற்கு. எப்போது, எவ்வளவு, எங்கே, எப்படி என்ற கேள்விகளுக்கு விடையாக வருவது எவ்வளவு பக்கத்தில் நின்றாலும் செயப்படுபொருள் ஆகாது.

அடுத்தது எடை. "த பேக் வெய்ஸ் டென் கிலோஸ்" என்பதில் டென் கிலோஸ் ஓர் அளவு மட்டுமே. "த ஷாப்கீப்பர் வெய்ட் த ரைஸ்" என்பதில் அரிசியை நிறுத்தார், ஆகவே டிரான்சிடிவ். கடைக்காரர் ஒரு செயலைச் செய்கிறார், அரிசிமேல் அது நடக்கிறது. பை அப்படி எதையும் செய்யவில்லை.

மூன்றாவது, இணைப்பு வினைகள். "ஷி பிகேம் எ டாக்டர்." பிகேம் வாட் என்று கேட்டால் எ டாக்டர் என்று பதில் வந்துவிடுகிறது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஷி என்பவரும் டாக்டர் என்பவரும் இரண்டு பேரா, ஒரே ஆளா என்று பாருங்கள். ஒரே ஆள். எழுவாயைப் பற்றிய தகவலே வினைக்குப் பின்னால் வந்திருக்கிறது. பி, பிகம், சீம், ரிமெய்ன் போன்ற இந்த வினைகளை லிங்கிங் வெர்ப் என்று தனி வகையாகவே வைப்பார்கள். சோதிக்க எளிய வழி, வினையை எடுத்துவிட்டு இஸ் போட்டுப் பார்ப்பது. "த ஃபிளவர்ஸ் ஸ்மெல் ஸ்வீட்" என்பதை "த ஃபிளவர்ஸ் ஆர் ஸ்வீட்" என்று மாற்றலாம், ஆகவே அங்கே ஸ்மெல் லிங்கிங் வெர்ப். "ஷி ஸ்மெல்ட் த ஃபிளவர்ஸ்" என்பதை "ஷி இஸ் த ஃபிளவர்ஸ்" என்று மாற்ற முடியாது. அது டிரான்சிடிவ்.

நான்காம் படி: இடம் மாறிய செயப்படுபொருளைத் தேடுங்கள்

சில வாக்கியங்களில் வினைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. அதனாலேயே அது இன்டிரான்சிடிவ் ஆகிவிடாது. "வாட் டிட் யூ பை?" என்ற கேள்வியில் பை என்பதற்குப் பின்னால் வெற்றிடம். வாட் என்பதே செயப்படுபொருள், கேள்வி என்பதால் முன்னால் போய்விட்டது. "த புக் தட் ஐ பாட் இஸ் மிஸ்ஸிங்" என்பதில் பாட் என்பதன் செயப்படுபொருளான புக் முன்னால் நிற்கிறது. "த விண்டோ வாஸ் புரோக்கன்" செயப்பாட்டு வாக்கியம். உடைக்கப்பட்ட ஜன்னல் எழுவாய் இடத்துக்கு ஏறிவிட்டது. மூன்றிலும் வினை டிரான்சிடிவ்தான். ஐயம் வந்தால் வாக்கியத்தை நேராக்கி எழுதிப் பாருங்கள்: "ஐ பாட் த புக்", "சம்ஒன் புரோக் த விண்டோ".

செயப்படுபொருள் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. "ஐ நோ தட் ஹி இஸ் ஹியர்" என்பதில் தட் தொடங்கி முழுத்தொடரும் செயப்படுபொருள். "ஷி என்ஜாய்ஸ் ஸ்விம்மிங்" என்பதில் ஸ்விம்மிங். "ஐ வான்ட் டு கோ" என்பதில் டு கோ. இந்த டு லிசன்ட் டு என்பதில் வந்த பிரிபொசிஷன் அல்ல, அடுத்த வினையோடு சேர்ந்தது. வாட் என்ற கேள்விக்கு மூன்றும் நேரான விடை தருகின்றன.

ஐந்தாம் படி: செயப்பாட்டு வினைச் சோதனை

வாக்கியத்தைப் பேசிவ் வாய்ஸுக்கு மாற்ற முடிந்தால் வினை டிரான்சிடிவ். "தே பில்ட் த பிரிட்ஜ்", "த பிரிட்ஜ் வாஸ் பில்ட்". செயப்படுபொருள் இருந்தால்தான் அதை எழுவாய் இடத்துக்குக் கொண்டுபோக முடியும்.

இதே சோதனையைத் திருப்பிப் போட்டால் நாம் அடிக்கடி செய்யும் ஒரு பிழை பிடிபடும். "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் எஸ்டர்டே." ஹேப்பன் இன்டிரான்சிடிவ், அதற்குப் பேசிவ் கிடையாது. "தி ஆக்சிடென்ட் ஹேப்பன்ட் எஸ்டர்டே" என்றால் போதும். விபத்து யாரோ செய்ததல்ல, நமக்கு நேர்ந்தது என்ற எண்ணத்தில் வாஸ் வந்து ஒட்டிக்கொள்கிறது. "வாஸ் டைட்", "வாஸ் டிசப்பியர்ட்", "வாஸ் அக்கர்ட்", "இஸ் கன்சிஸ்டட் ஆஃப்" எல்லாம் இதே குடும்பத்துப் பிழைகள். டை, டிசப்பியர், அக்கர், கன்சிஸ்ட், எக்சிஸ்ட், அரைவ், ஃபால் ஆகியவற்றை வாஸ் போட்டுப் பேசிவ் ஆக்க வேண்டாம்.

சோதனைக்கு விதிவிலக்குகள் உண்டு. "ஐ ஹேவ் எ சைக்கிள்" என்பதில் ஹேவ் செயப்படுபொருள் எடுக்கிறது, ஆனால் "எ சைக்கிள் இஸ் ஹேட் பை மி" என்று யாரும் சொல்வதில்லை. ரிசெம்பிள், லேக், அளவு பொருந்துகிறது என்ற பொருளில் வரும் ஃபிட் ஆகியவையும் அப்படியே. மறுபக்கம், லாஃப் அட் என்பதற்கு "ஹி வாஸ் லாஃப்ட் அட்" என்று பிரிபொசிஷனோடு சேர்த்துப் பேசிவ் உண்டு. ஆகவே இந்தச் சோதனையைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாட்சி எதை, யாரை என்ற கேள்விதான்.

இரண்டு பக்கமும் நிற்கும் வினைகள்

வினை கட்சி மாறுவதில் இரண்டு விதம் இருக்கிறது. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் விதத்தில் செய்பவர் மாறுவதில்லை, செயப்படுபொருள் மட்டும் சொல்லப்படாமல் போகிறது. "ஷி ஏட் அன் ஆப்பிள்", "ஷி ஏட்". இரண்டிலும் சாப்பிட்டவள் அவளே. ஈட், டிரிங்க், ரீட், ரைட், சிங், குக், டிரைவ், வின் எல்லாம் இப்படி. எதைச் சாப்பிட்டாள் என்பது முக்கியமில்லை என்றால் விட்டுவிடலாம்.

இரண்டாம் விதத்தில் அதே பொருள் எழுவாய் இடத்துக்கு நகர்கிறது. "ஹி மூவ்ட் த டேபிள்", "த டேபிள் மூவ்ட்". முதல் வாக்கியத்தில் டேபிள் செயப்படுபொருள், அடுத்ததில் எழுவாய். நகர்த்தியவர் காணாமல் போய்விட்டார். நகர்த்தினான், நகர்ந்தது என்று தமிழ் உருவத்தை மாற்றுகிற இடம் இது. ஓப்பன், குளோஸ், பிரேக், மெல்ட், பாய்ல், பர்ன், குரோ, சேஞ்ச், ஸ்டார்ட், ஸ்டாப், டர்ன், ரோல், சிங்க் போன்றவை இங்கே வரும்.

ஐயம் வரும்போது இந்த வினைகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "த வாட்டர் பாய்ல்ட்", தண்ணீர் கொதித்தது. "ஷி பாய்ல்ட் த வாட்டர்", தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். மனம் தானாகவே பிரித்துவிடும். திற, தொடங்கு போன்ற சில வினைகளில் மட்டும் தமிழும் ஆங்கிலம் மாதிரியே நடந்துகொள்கிறது: கதவு திறந்தது, கதவைத் திறந்தாள், கூட்டம் தொடங்கியது, கூட்டத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவை ஏராளம்.

குரோ பற்றி ஒரு வார்த்தை. "ஃபார்மர்ஸ் குரோ ரைஸ்" சரி. குழந்தைகளை வளர்ப்பதற்கு குரோ வராது, பிரிங் அப் அல்லது ரெய்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். வளர் என்ற வினையை இரண்டுக்கும் நாம் பயன்படுத்துவதால் இந்த இடத்தில் கவனம் வேண்டும்.

இணையாக வரும் நான்கு ஜோடிகள்

தமிழைப் போல ஆங்கிலமும் வினையின் உருவத்தை மாற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதன் மிச்சமாகச் சில ஜோடிகள் இன்றும் வாழ்கின்றன. ஆங்கிலத்துக்கு மூதாதையான தொன்மையான ஜெர்மானிய மொழியில் செய்ய வைத்தல் என்ற பொருளைத் தர ஓர் ஒட்டு இருந்தது. அது சேரும்போது சொல்லின் உயிரொலியும் மாறியது. பின்னாளில் ஒட்டு உதிர்ந்துபோக, மாறிய உயிரொலி மட்டும் தங்கிவிட்டது.

ரைஸ் என்றால் எழுதல், உயர்தல். ரெய்ஸ் என்றால் உயர்த்துதல். "பிரைசஸ் ரைஸ்" என்றால் விலை உயர்கிறது, "த ஷாப் ரெய்ஸ்ட் த பிரைசஸ்" என்றால் கடை விலையை உயர்த்தியது. ரைஸ், ரோஸ், ரிசன் என்பது முதலாவதன் மூன்று வடிவங்கள். இரண்டாவது ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். சிட் உட்காருதல், செட் வைத்தல். ஃபால் விழுதல், அதன் ஜோடியான ஃபெல் என்ற வினைக்கு மரத்தை வெட்டி வீழ்த்துதல் என்று பொருள். ஃபால் என்பதன் இறந்தகாலமும் ஃபெல் என்பதால் இது குழப்பும், ஆனால் அன்றாடப் பேச்சில் அதிகம் வராது.

உண்மையாகவே தொல்லை தரும் ஜோடி லை, லே. லை என்றால் படுத்தல், கிடத்தல், இன்டிரான்சிடிவ். லே என்றால் கிடத்துதல், வைத்தல், டிரான்சிடிவ். லை என்பதன் இறந்தகாலம் லே! அதாவது "ஹி லே ஆன் த பெட்" என்றால் அவன் படுக்கையில் படுத்தான். "லே த புக் ஆன் த டேபிள்" என்றால் புத்தகத்தை மேசைமேல் வை. முதல் வரிசை லை, லே, லெய்ன். இரண்டாம் வரிசை லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்வதைக் குறிக்கும் லை இவற்றோடு சேராத தனி வினை. அதன் இறந்தகாலம் லைட். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் லை வர வேண்டிய இடத்தில் லே போடுவதுண்டு. எழுத்திலும் தேர்விலும் பிரித்து எழுத வேண்டும் என்பதால், எதை என்ற கேள்வியை வையுங்கள். பதில் இருந்தால் இரண்டாம் வரிசை, இல்லாவிட்டால் முதல் வரிசை.

மலையும் பில்லும்

வினையோடு அப், ஆஃப், அவுட் சேர்ந்து வரும்போது அந்தச் சின்னச் சொல் பிரிபொசிஷனா, வினையின் பகுதியா என்று பார்க்க வேண்டும். "ஹி ரேன் அப் எ ஹில்." "ஹி ரேன் அப் எ பில்." எழுத்தில் ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டும் அமைப்பில் வேறு. முதலாவதில் மலைமேல் ஓடினான், அப் என்பது மலையோடு சேர்ந்தது, ரேன் இன்டிரான்சிடிவ். இரண்டாவதில் செலவு செய்து பாக்கியை ஏற்றிக்கொண்டான். ரேன் அப் என்பது ஒரே வினை. பில் அதன் செயப்படுபொருள்.

இட் என்ற சொல்லை நடுவில் நுழைத்துப் பாருங்கள். "ஹி ரேன் இட் அப்" என்று பில்லைப் பற்றிச் சொல்லலாம், மலையைப் பற்றிச் சொல்ல முடியாது. "டர்ன் இட் ஆஃப்" சரி, ஆகவே டர்ன் ஆஃப் டிரான்சிடிவ். "லுக் இட் அப்" சரி, சொல்லை அகராதியில் பார்த்தல். "லுக் இட் ஆஃப்டர்" வராது. லுக் ஆஃப்டர் என்பதில் இட் கடைசியில்தான் நிற்கும்.

பெயர்ச்சொல் செய்யும் சதி

"வி டிஸ்கஸ்ட் அபவுட் த பிராப்ளம்." நம்மிடையே மிகப் பரவலான பிழை இது. டிஸ்கஸ் டிரான்சிடிவ், பிராப்ளம் நேரடியாக அதற்குப் பின்னால் வர வேண்டும். அதைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் சொல்வதால் அபவுட் நுழைகிறது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்கு அபவுட் வேண்டும்: "எ டிஸ்கஷன் அபவுட் த பிராப்ளம்". பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகிய அபவுட்டை வினையிலும் ஒட்டிவிடுகிறோம்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பல பிழைகள் ஒரே சமயத்தில் விலகும். ரிக்வெஸ்ட் பெயராக வந்தால் "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்". வினையாக வந்தால் "ஐ ரிக்வெஸ்டட் லீவ்", ஃபார் வராது. "அன் ஆன்சர் டு த கொஸ்டின்" சரி, "ஹி ஆன்சர்ட் டு த கொஸ்டின்" தவறு, டு நீக்குங்கள். எம்ஃபசிஸ் ஆன் உண்டு, "எம்ஃபசைஸ் ஆன்" இல்லை. லேக் ஆஃப் மணி உண்டு. "ஹி லேக்ஸ் மணி" என்பதில் ஆஃப் இல்லை. விசிட் டு மதுரை பெயர். "வி விசிடட் மதுரை" வினை. டிமாண்ட் ஃபார் பெயர், டிமாண்ட் மட்டும் வினை. ஆர்டர் ஃபார் டீ பெயர். "வி ஆர்டர்ட் டீ" வினை. என்ட்ரி இன்டு த ரூம் பெயர். "ஷி என்டர்ட் த ரூம்" வினை. ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும்போது மட்டும் "என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்" என்று இன்டு வரும், அது தனி வழக்கு.

மேரேஜ் பற்றியும் இதையே சொல்லலாம். "மேரேஜ் டு" பெயரோடு வரும். "ஷி மேரிட் ஹிம்" என்பதில் வித் வேண்டாம். அவனோடு திருமணம் என்று நினைத்துக்கொண்டு வித் போட்டுவிடுகிறோம்.

சொல்லுதல், கேட்டல் வினைகளிலும் கவனம் தேவை. அவனிடம் சொன்னேன் என்பதால் "ஐ டோல்ட் டு ஹிம்" என்று வருகிறது. "ஐ டோல்ட் ஹிம்" போதும். டெல் என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஆள் நேரடியாக வர வேண்டும். சே என்பதற்கு ஆள் வந்தால் டு போட வேண்டும். "ஹி டோல்ட் தட் ஹி வாஸ் சிக்" என்பதில் ஆள் இல்லை, அதனால் பிழை. "ஹி டோல்ட் மி தட்" அல்லது "ஹி செட் தட்" என்று எழுதுங்கள். கிவ், செண்ட், ஷோ போன்ற வினைகள் இரண்டு செயப்படுபொருள் எடுக்கும்: "கிவ் மி த கீ". அந்தப் பழக்கத்தில் "எக்ஸ்பிளெய்ன் மி த லெசன்", "சஜஸ்ட் மி எ புக்" என்று சொல்லக் கூடாது. எக்ஸ்பிளெய்ன், சஜஸ்ட் இரண்டும் ஒரே செயப்படுபொருள் எடுப்பவை. "எக்ஸ்பிளெய்ன் த லெசன் டு மி", "சஜஸ்ட் எ புக் டு மி" என்பதே முறை.

விட்டுப்போகும் இட்

இதுவரை பார்த்தது தேவையற்ற சொல்லைச் சேர்ப்பது. தேவையான சொல்லை விட்டுவிடுவதும் அதே அளவுக்கு நடக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

"சாவி கொண்டுவந்தாயா?" "கொண்டுவந்தேன்." தமிழில் இந்த உரையாடலில் குறை ஏதும் இல்லை. பேச்சின் சூழலில் செயப்படுபொருள் தெளிவாக இருந்தால் அதைச் சொல்லாமல் விடுவது நம் மொழியின் இயல்பு. அதே பழக்கத்தில் "டிட் யூ பிரிங் த கீ?" என்பதற்கு "எஸ், ஐ பிராட்" என்று பதில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "ஐ பிராட் இட்" என்று இட் வந்தாக வேண்டும். அல்லது "எஸ், ஐ டிட்" என்று முடித்துவிடலாம்.

படம் எப்படி, பிடித்திருந்ததா? "டிட் யூ லைக்?" என்று கேட்டால் பிழை, "டிட் யூ லைக் இட்?" வேண்டும். டீ வேண்டுமா என்று கேட்டவரிடம் "ஐ டோன்ட் வான்ட்" என்பது முற்றுப்பெறாத பதில். "ஐ டோன்ட் வான்ட் எனி" என்று சொல்லுங்கள். "நோ, தேங்க்ஸ்" என்றால் இன்னும் நல்லது. பிடிக்கும், வேண்டும், தெரியும், புரியும் ஆகியவை தமிழில் எனக்கு என்று தொடங்கி, செயப்படுபொருள் இல்லாமலே நிற்கக்கூடியவை. ஆங்கிலத்தில் லைக், வான்ட் இரண்டும் அப்படி நிற்காது. நோ, அண்டர்ஸ்டாண்ட் இரண்டும் நிற்கும்: "ஐ நோ", "ஐ அண்டர்ஸ்டாண்ட்". இதற்குப் பொதுவிதி தேடி அலைய வேண்டாம், வினை வினையாகத்தான் பழக வேண்டும்.

சுற்றுலா போய்வந்து "வி என்ஜாய்ட் எ லாட்" என்று எழுதுவதும் இதில் சேரும். என்ஜாய் டிரான்சிடிவ். "வி என்ஜாய்ட் த டிரிப்" என்றோ, சொல்வதற்குத் தனிப்பொருள் இல்லையென்றால் "வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்" என்றோ எழுதுங்கள். சாப்பாடு பரிமாறிவிட்டு "என்ஜாய்!" என்று மட்டும் சொல்வது பேச்சில் உண்டு, அதைப் பார்த்து மற்ற வாக்கியங்களை அமைக்கக் கூடாது.

புட் இன்னும் கண்டிப்பானது. எதை என்பது மட்டும் அதற்குப் போதாது, எங்கே என்பதும் வேண்டும். "ஷி புட் த கப்" அரைகுறை. "ஷி புட் த கப் ஆன் த டேபிள்" முழுமை.

அகராதியை எப்படிப் பார்ப்பது

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் ஒவ்வொரு வினையின் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் குறிப்பைத் தருகின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் உடன் இருவரும் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளியான அகராதி இந்த வகைக்கு முன்னோடி. வினைக்குப் பின்னால் என்ன வரலாம் என்பதை வெளிநாட்டு மாணவர்களுக்காக அது வாய்பாடுகளாக வகுத்துக் காட்டியது. பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை 1948-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

இன்று ஆக்ஸ்போர்டு, லாங்மேன் கற்போர் அகராதிகளை இணையத்தில் பார்த்தால் பொருளுக்கு முன்னால் டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் என்று முழுச்சொல்லாகவே போட்டிருக்கும். கேம்பிரிட்ஜ் அகராதி டி, ஐ என்ற ஒற்றை எழுத்துகளால் குறிக்கும். பழைய அகராதிகளில் வி.டி., வி.ஐ. என்று இருக்கும். வினையின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ரன் என்பதை எடுத்துக்கொண்டால், ஓடுதல் என்ற பொருளில் ஒன்று, கடை நடத்துதல் என்ற பொருளில் வேறு. உங்கள் வாக்கியத்துக்குரிய பொருளைக் கண்டுபிடித்து அதற்கு எதிரே உள்ள குறியைப் பாருங்கள், கூடவே அங்கே தந்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். குறியைவிட அந்த வாக்கியம் அதிகம் கற்றுத்தரும்.

குறிப்பேட்டில் புதிய வினையை எழுதும்போதும் தனியாக எழுத வேண்டாம். "டிஸ்கஸ்: விவாதி" என்று எழுதுவதைவிட "டிஸ்கஸ் சம்திங்" என்று எழுதுங்கள். "வெயிட் ஃபார் சம்ஒன்", "புட் சம்திங் சம்வேர்", "டெல் சம்ஒன் சம்திங்" என்று எழுதிவந்தால் வகை தானாகவே கூட வந்துவிடும்.

ஒரு பத்தியில் செய்து பார்ப்போம்

"இட் ரெய்ன்ட் ஆல் நைட். இன் த மார்னிங் த பவர் வென்ட் ஆஃப். கமலா லிட் எ கேண்டில் அண்ட் வெயிடட் ஃபார் தி எலக்ட்ரீஷியன். ஹி அரைவ்ட் அட் நைன், செக்ட் த வயர்ஸ் தட் த ரெய்ன் ஹேட் டேமேஜ்ட், அண்ட் சேஞ்ச்ட் த ஃபியூஸ். த ஃபேன் ஸ்டார்டட். ஷி ஸ்மைல்ட் அண்ட் பெய்ட் ஹிம்."

கீழே உள்ளதைப் படிக்கும் முன் நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ரெய்ன்ட் இன்டிரான்சிடிவ்; ஆல் நைட் என்பது எவ்வளவு நேரம் என்பதற்கு விடை. வென்ட் ஆஃப் இரண்டு சொல்லாக வந்த வினை, பின்னால் எதுவும் இல்லை, இன்டிரான்சிடிவ். லிட் எதை? மெழுகுவர்த்தியை. டிரான்சிடிவ். வெயிடட் என்பதற்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நடுவில் ஃபார் நிற்கிறது, இன்டிரான்சிடிவ். அரைவ்ட் எப்போது என்பதற்கு மட்டும் பதில் தருகிறது, இன்டிரான்சிடிவ். செக்ட், சேஞ்ச்ட் இரண்டும் டிரான்சிடிவ். டேமேஜ்ட் என்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆனால் மழை சேதப்படுத்தியது எதை? வயர்களை. முன்னால் போய்விட்ட செயப்படுபொருள் அது, ஆகவே டிரான்சிடிவ். ஸ்டார்டட் இங்கே இன்டிரான்சிடிவ், மின்விசிறி சுற்றத் தொடங்கியது. "ஹி ஸ்டார்டட் த ஃபேன்" என்று இருந்தால் டிரான்சிடிவ். ஸ்மைல்ட் இன்டிரான்சிடிவ். பெய்ட் யாரை? ஹிம். தமிழில் அவருக்குப் பணம் கொடுத்தாள் என்று நான்காம் வேற்றுமை வந்தாலும் ஆங்கிலத்தில் அவர் நேரடிச் செயப்படுபொருள்.

பெய்ட் என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். "ஷி பெய்ட் த பில்", "ஷி பெய்ட் ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்", "ஷி பெய்ட் ஃபார் த ஃபியூஸ்", "ஷி பெய்ட்". நான்கும் சரியான வாக்கியங்கள். எவை டிரான்சிடிவ், எவை இன்டிரான்சிடிவ், எதில் இரண்டு செயப்படுபொருள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அகராதியில் பே என்ற வினையைத் திறந்து சரிபாருங்கள்.